மகிடியும் பகிடியும்: போயா இரவுக்கு ஒரு மந்திரப் படம்

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற பாண்டிருப்பில், அக்கா வீட்டில் படம் போடுகிற இரவுகளில், எந்தப் படம் என்று தெரிவு செய்கிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. பாய் விரிப்பது மருமக்கள். கச்சான் வறுப்பது அம்மா. புரொஜெக்டரைத் தூக்கி வந்து வயர் இழுப்பது அத்தான். நான் மட்டக்களப்பிலிருந்து ஒரு பென்டிரைவோடு பஸ்ஸில் வந்து இறங்குவேன். படம் நன்றாக இருந்தால் என்னைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள். சரியில்லை என்றால் அடுத்த போயா, அதாவது அடுத்த பௌர்ணமி விடுமுறை வரைக்கும் அதுதான் கதை.

அவர்கள் கேட்பது எப்போதும் ஒரே மாதிரி. மந்திரம் இருக்க வேண்டும், பகிடி இருக்க வேண்டும், எல்லாரும் ஒன்றாக இருந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். கேட்க இலகுவாகத்தான் இருக்கிறது. 5, 9, 14 வயதுகளில் மூன்று பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய அம்மா, நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து குந்துகிற அத்தான், பக்கத்து வளவிலிருந்து வருகிற நாலைந்து பேர் என்று ஒரு சபையை வைத்துக்கொண்டு படம் தேடினால்தான் கஷ்டம் தெரியும். தேடித் தேடி, சறுக்கிச் சறுக்கி, எனக்கென்று ஓர் அளவுகோல் பிடிபட்டிருக்கிறது.

அதற்கு முதல் ஒரு சின்ன விசயம். மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை என்பதால் போயாவுக்கு முதல் நாள் இரவுதான் நாங்கள் படம் போடுவது. அன்றைக்கு நிலவு கிட்டத்தட்ட முழுதாக இருக்கும். முற்றத்துச் சுவரில் படம் விழுத்தினால் எங்கள் சின்னப் புரொஜெக்டரின் வெளிச்சத்தில் பாதியை நிலவு தின்றுவிடும். மந்திரப் படம் எடுக்கிறவர்களுக்கோ இருட்டு என்றால் கொள்ளை ஆசை: குகை, நள்ளிரவு, கறுப்புப் புகை. அப்படி ஒரு படத்தைப் போட்ட அன்று அரை மணி நேரம் எங்களுக்குச் சுவரில் தெரிந்தது சுவர்தான். ஆகவே வெளிச்சமான படமா என்று பார்ப்பது என் முதல் தகுதிகாண் பரீட்சை. கலை விமர்சகர்கள் மன்னிக்க வேண்டும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஒருமுறை ஒரு டப்பிங் படம் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். ஒரு பையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது, நினைத்ததெல்லாம் நடக்கிறது. கார் பறக்கிறது, வீடு மாளிகையாகிறது, வாத்தியார் தவளையாகிறார். கணினி வரைகலைக்குப் பணத்தைத் தண்ணீராக இறைத்திருந்தார்கள். இருபதாவது நிமிடத்தில் பெரிய மருமகள் போனுக்குள் போய்விட்டாள். சின்னவன் கச்சான் கோதுகளை அடுக்கிக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். அம்மா மட்டும் கடைசிவரைக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்: “நினைச்சதெல்லாம் செய்ய ஏலுமெண்டா, மறுகா என்னடா கதை?”

திரைக்கதை வகுப்புகளில் ஒரு தவணை எடுத்துச் சொல்வதை அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார். மந்திரத்துக்கு எல்லை இல்லை என்றால் ஆபத்து இல்லை, ஆபத்து இல்லை என்றால் அவதி இல்லை, அவதி இல்லாத இடத்தில் பகிடிக்கு என்ன வேலை? நாம் சிரிப்பது ஒரு ஆள் மாட்டிக்கொண்டு முழிக்கும்போதுதான். விரலைச் சொடுக்கினால் தப்பிவிடலாம் என்கிற ஆள் எங்கே மாட்டப்போகிறான்? ஆகவே ஒரு மந்திரப் படத்தைக் கையில் எடுத்ததும் நான் தேடுவது அந்த மந்திரத்தின் சட்டத்தை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது, செய்தால் யார் விலை கொடுப்பது? இது முதல் அரை மணி நேரத்துக்குள் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் படத்தை மூடி வைத்துவிடலாம்.

இந்தச் சட்டத்தை அச்சொட்டாகப் பிடித்த படம் எது என்று கேட்டால் நான் எழுபது வருடத்துக்குக் கிட்டப் பின்னால் போவேன். 1957இல் கே. வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த ‘மாயா பஜார்’. கடோத்கஜனாக எஸ். வி. ரங்காராவ், வத்சலாவாகச் சாவித்திரி, தமிழில் அபிமன்யுவாக ஜெமினி கணேசன், கிருஷ்ணனாக என். டி. ராமராவ். எல்லாருக்கும் நினைவிருப்பது கல்யாணச் சமையல் பாட்டும், லட்டு தானாக எழும்பி ராட்சதனின் வாய்க்குள் போகிறதும்தான். என்னைப் பிடித்தது அந்தப் படத்தில் வருகிற இரண்டு சாமான்கள்.

ஒன்று பிரியதர்சினி என்ற பெட்டி. திறக்கிறவருக்கு எது மிகப் பிரியமோ அது அதற்குள் தெரியும். வத்சலா திறந்தால் அபிமன்யு தெரிகிறான். தகப்பன் பலராமன் திறந்தால் துரியோதனன். தாய் ரேவதிக்கு நகைநட்டு. கிருஷ்ணன் திறக்கிறபோது தெரிவது சகுனி! மற்றது ஒரு பீடம். அதில் ஏறி நின்றால் உள்ளே இருக்கிறது வெளியே வந்துவிடும், பொய் சொல்ல ஏலாது. கடைசியில் அதில் ஏறி நிற்கிற ஆள் வேறு யார், சகுனிதான்.

இரண்டு சாமானுக்கும் ஒவ்வொரு வரியில் சட்டம். எந்தக் குழந்தைக்கும் ஒருதரம் சொன்னால் போதும். சொன்ன பிறகு பெட்டியை யார் திறக்கப்போகிறார் என்று பார்க்கிறவர்களே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். ரேவதி பெட்டிக்குக் கிட்டப் போகும்போதே எங்கள் முற்றத்தில் சிரிப்பு எழும்பிவிட்டது. மந்திரம் நடக்க முன்னமே சிரிப்பு வருகிறது என்றால் அந்த மந்திரம் ஆளைக் காட்டுகிற மந்திரம். கண்ணைக் கூச வைக்கிற மந்திரத்துக்கு இந்தப் பலன் கிடைக்காது. அது நடந்த பிறகு ‘ஆ’ என்று வாயைப் பிளக்கலாம், அதோடு சரி.

இன்னொன்றும் கவனியுங்கள். கடோத்கஜன் ராட்சதன், பறப்பான், மலையைத் தூக்குவான். ஆனால் படத்தின் நல்ல பகிடியெல்லாம் அவன் வத்சலாவின் உருவத்தில் கல்யாண வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட பிறகுதான் வருகிறது. அவ்வளவு பலசாலி, தலையைக் குனிந்து மணப்பெண்ணாக நடக்க வேண்டியிருக்கிறது. ஒரு நொடி மறந்தால் ராட்சத நடை வந்துவிடும். மாப்பிள்ளையாக வருகிற தங்கவேலுவின் கால் நசுங்குகிறது. சாவித்திரியின் உடம்புக்குள் ரங்காராவ் இருக்கிறார் என்று நாங்கள் நம்பிவிடுகிறோம். இதற்கு ஒரு தந்திரக் காட்சியும் தேவைப்படவில்லை. ஒரு நடிகையின் தோளும் நடையும் போதுமாக இருந்தன.

கதையும் எங்கள் பக்கத்துக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லாத கதை. அபிமன்யுவுக்கு வத்சலா மாமன் மகள், அதாவது மச்சாள். கேட்டுச் சொல்லி வைத்த பெண்ணை, பாண்டவர் சொத்தை இழந்ததும், மாமனும் மாமியும் பணக்கார வீட்டுக்கு மாற்றிக் கொடுக்கப் பார்க்கிறார்கள். மச்சானுக்கு மச்சாள் உரிமை என்பது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குடி என்கிற தாய்வழி வம்சம் பார்த்துப் பேசப்படுகிற விசயம். எங்கள் முற்றத்தில் ரேவதி மாமியை ஏசிய ஏச்சை இங்கே எழுத ஏலாது. பக்கத்து வீட்டு மாமி, “இவளுக்குக் கடோத்கஜன் காணாது” என்றார். மந்திரம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் அதன் கால் இப்படி ஒரு வீட்டுச் சண்டையில் ஊன்றியிருந்தால் படம் நிற்கும்.

பூதம் பகிடிக்கு வந்த வழியும் தெரிந்துகொண்டால் படம் பார்க்கிற கண் கொஞ்சம் கூர்மையாகும். ஆயிரத்தொரு இரவுகளின் பூதங்கள் பயங்கரமானவை. அவற்றில் ஒன்றை மத்தியதர வீட்டு வரவேற்பறைக்குள் கொண்டுவந்து குந்தவைத்து வேடிக்கை பார்த்தவர்களில் முக்கியமானவர் எஃப். ஆன்ஸ்டி என்ற ஆங்கில எழுத்தாளர். 1900இல் வந்த ‘த பிராஸ் பொட்டில்’ என்ற அவருடைய நாவலில், குப்பியிலிருந்து விடுவித்த இளைஞனுக்கு நன்றிக்கடன் தீர்த்தே தீருவேன் என்று பூதம் நிற்கிறது. வேலை இல்லாத ஒரு கட்டடக் கலைஞனின் வாடகை அறைக்கு ஒட்டக வரிசையில் பொக்கிசம் வந்து இறங்குகிறது. வருங்கால மாமனார் குறுக்கே நின்றதால் அவரை ஒற்றைக் கண் கோவேறு கழுதையாக்கி விடுகிறது. உதவி செய்து செய்தே ஒருவனை ஒரு வழி பண்ணிவிடுகிற பூதம்! 1964இல் அது ஹொலிவுட் படமானது. அந்தப் படத்தின் வழியில் 1967இல் தமிழில் வந்ததுதான் ஜெய்சங்கரும் நாகேசும் கே. ஆர். விஜயாவும் நடித்த ‘பட்டணத்தில் பூதம்’. ஜீபூம்பா என்ற அந்தப் பூதமாக வந்தவர் ஜாவர் சீதாராமன். எழுத்தும் அவர்தான்.

இதே ஆன்ஸ்டி அதற்கு முன்பு, 1882இல், ‘வைஸ் வெர்சா’ என்று ஒன்று எழுதியிருந்தார். இந்தியாவிலிருந்து வந்த கருடக்கல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நானும் உன்னைப்போல் ஒரு பையனாக இருந்தால் எவ்வளவு நல்லது’ என்று மகனிடம் சொல்கிற தகப்பன், சொன்னபடியே பையனாகிவிடுகிறார். விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அவர் போக வேண்டியதாகிறது, மகன் தகப்பன் உருவத்தில் வீட்டில் இருக்கிறான். தாயும் மகளும் உடம்பு மாறுகிறது, கணவனும் மனைவியும் மாறுகிறது என்று இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிற படங்களுக்கெல்லாம் இது ஒரு மூத்த தாத்தா. குடும்ப மந்திரப் பகிடியின் இரண்டு பெரிய அச்சுகளும், அதாவது அளவுக்கு மிஞ்சி உதவுகிற பூதமும் ஆள் மாறாட்டமும், ஒரே ஆளின் மேசையில் இப்படி வார்க்கப்பட்டிருக்கின்றன. இரண்டிலும் மந்திரம் கேட்டதைக் கொடுக்கிறது, கேட்டவர்தான் கேட்டதற்காக வருந்துகிறார். நல்ல படங்கள் இதை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. மோசமான படங்கள் பூதத்தை ஒரு விலையுயர்ந்த வேலைக்காரனாக மாற்றிவிடுகின்றன.

ஆன்ஸ்டியைத் தேடி இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று மட்டக்களப்பார் சொல்லலாம். மந்திரத்தையும் பகிடியையும் ஒரே களரியில் இறக்கிய மகிடிக் கூத்து எங்களிடமே இருக்கிறது. பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி எழுதியபோது வடமோடி, தென்மோடிக் கூத்துகளோடு வசந்தன், பறைமேளக் கூத்து, மகிடி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுதினார். மகிடியில் ஒரு கட்சி மந்திரம் போடும், இன்னொரு கட்சி அதை வெட்டும். நடுவில் வருகிறவர், போகிறவர், பார்க்க நிற்கிறவர் எல்லாருக்கும் கேலி. மந்திரத்துக்கு எதிர்மந்திரம் இருக்கிறது என்கிற சட்டம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கட்சியும் நினைத்ததெல்லாம் செய்துவிட ஏலாது. அம்மாவின் ‘மறுகா என்ன கதை’ எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்று இப்போது விளங்குகிறதா?

யாழ்ப்பாணத்தார் இன்றைக்கும் சொல்வார்கள், மட்டக்களப்புக்குப் போகிறவனைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று. எங்கள் மந்திரத்துக்குக்கூட வீட்டுப் பாய்தான் கருவி என்பதைக் கவனித்தீர்களா? வாளும் இல்லை, வைரமும் இல்லை. வந்த மாப்பிள்ளை திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான் அதன் பலன். இதைவிடச் சுத்தமான குடும்ப மந்திரப் பகிடியை எந்தத் திரைக்கதை எழுத்தாளர் எழுதப்போகிறார்?

அடுத்தது குடும்பம் என்ற சொல். ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்றால் முத்தக் காட்சி இல்லை, இரத்தம் இல்லை என்று மட்டும் அர்த்தம் எடுக்கிறார்கள். அது கதவைத் தாண்டுகிற தகுதி. உள்ளே வந்த பிறகு, அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை மந்திரம் தொட வேண்டும்.

2022இல் பிரபுதேவா பூதமாக நடித்த ‘மை டியர் பூதம்’ படத்தை ஒரு போயாவுக்குப் போட்டேன். அதில் வருகிற பையனுக்குத் திக்குவாய். பூதம் தன் உலகத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் அந்தப் பையன் ஒரு மந்திரத்தைச் சொல்ல வேண்டும். அவனுக்கோ சொல் வராது. படம் முழுக்க நல்ல படம் என்று சொல்லமாட்டேன். அறிவுரை கொஞ்சம் கூட, பகிடி இடையிடையே சோர்ந்து விழுகிறது. ஆனால் மந்திரத்தின் சட்டத்தை அந்தப் பிள்ளையின் நாக்கில் கொண்டுபோய் வைத்தார்களே, அது சரியான இடம். எங்கள் ஒன்பது வயதுக்காரனுக்கும் ஒள்ளுப்பம் திக்கும். வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்தில் நின்றுவிடுவான். பையன் மந்திரம் சொல்லப் பார்க்கிற காட்சிகளில் அவன் கையில் எடுத்த கச்சானை வாயில் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சட்டென்று வாய்க்குள் போட்டுக்கொண்டான். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

இதற்கு நேர்மாறு பழைய நகைச்சுவைத் துணுக்குகள். திக்குவாய், கறுப்பு நிறம், தடித்த உடம்பு, மாறுகண், பெண் வேடம் போட்ட ஆண் என்று ஒரே ஐந்தாறு கருவிகளை வைத்துக்கொண்டு தமிழ்ப் படங்கள் நெடுங்காலம் ஓட்டின. மந்திரப் படங்கள் இதில் இன்னும் மோசம். தண்டனையாக ஒருவனைக் குண்டாக்குவது, கறுப்பாக்குவது எல்லாம் அவற்றில் சாதாரணம். ஒரு பழைய படத்தில் அப்படி ஒரு துணுக்கு வந்தபோது எல்லாரும் சிரித்தோம், அந்த ஒன்பது வயதுக்காரன் மட்டும் தண்ணீர் குடிக்க எழும்பிப் போனான். அதற்குப் பிறகு நான் படத்தின் மந்திரத்தைப் பார்க்கிற அளவுக்குப் பகிடி யாருடைய முதுகில் ஏறி நிற்கிறது என்றும் பார்க்கிறேன். மாமனார் கழுதையானால் பரவாயில்லை. அதிகாரம் உள்ளவர் கொஞ்ச நேரம் கழுதையாக இருப்பது ஊருக்கே நல்லது.

பேய்ப் பகிடிப் படங்களை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதே இல்லை. பத்துப் பதினைந்து வருடமாக அவைதான் குடும்பப் படம் என்ற பெயரில் வந்து நிறைகின்றன. அவற்றில் முன்னால் போகிறது பயம், பின்னால் வருகிற பகிடி மூச்சு வாங்குவதற்கு மட்டும். மந்திரப் பகிடியில் முன்னால் போகிறது வியப்பு. இரண்டும் வேறு சாதிப் படங்கள். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஐந்து வயதுப் பிள்ளையை அடுத்த நாள் இரவு தனியாகக் கிணற்றடிக்கு அனுப்பிப் பாருங்கள்.

நம்பிக்கை என்ற விசயமும் இருக்கிறது. எங்கள் ஊர்களில் அம்மன் உரு ஏறுவது சினிமா இல்லை, வருடா வருடம் கண்முன்னால் நடப்பது. பூதத்தைப் பகிடி பண்ணினால் அம்மா சிரிப்பார். கவுண்டமணி எமனாக வந்த படத்துக்கு வயிறு நோகச் சிரித்தவர். எமன் எல்லாரும் ஒரு நாள் சந்திக்கப்போகிற ஆள்தானே, முன்கூட்டிப் பழகி வைக்கலாம். ஆனால் வேப்பிலையோடு உரு ஆடுகிற ஒரு பெண்ணை ஒரு படம் கேலி செய்தபோது அம்மாவின் முகம் இறுகிவிட்டது. இதற்குச் சட்டம் எழுத ஏலாது. ஒவ்வொரு வீட்டுக்கும் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு கோடு உண்டு. படம் தெரிவு செய்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நான் தெரியாமல் தாண்டிய கோடு ஒன்று இருக்கிறது. ஒரு படத்தில் பூதத்திடம் பிள்ளைகள் கடலைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். பூதம் கடலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறது. கதவைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வருகிறது, கட்டில் மிதக்கிறது, பாட்டி கதிரையில் துடுப்புப் போடுகிறாள். பிள்ளைகளுக்கு அது படத்திலேயே பெரிய பகிடி. அக்கா எழும்பி அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணி போடத்தான் போகிறாள் என்று நினைத்தோம். நான் போய்ப் பார்த்தபோது கேத்தல் அடுப்பில் இல்லை, அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 2004 டிசெம்பர் 26 பாண்டிருப்புக் கரையில் என்ன செய்தது என்று பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு முழுப் படத்தையும் முதலே பார்க்காமல் நான் பென்டிரைவில் ஏற்றுவதில்லை. எந்தத் தணிக்கைச் சான்றிதழும் இதை எனக்குச் சொல்லியிருக்காது.

சான்றிதழைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியப் படங்களில் ‘யு’ என்றால் எல்லாரும் பார்க்கலாம், ‘ஏ’ என்றால் வயது வந்தவர்களுக்கு. நடுவில் ஒரே பெட்டியாக இருந்த ‘யுஏ’ 2024இலிருந்து 7, 13, 16 வயதுக்கு மேல் என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. புதிய படங்களுக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. பழைய ‘யு’ படங்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு சின்னப் பிள்ளை பயப்படுகிறதும், ஒரு பிள்ளை அவமானப்படுகிறதும் அந்த எழுத்துக்குள் அடங்கவில்லை.

டப்பிங் படங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆத்திரம் இருக்கிறது. சென்னையில் குரல் கொடுக்கிறவர்கள் ஆங்கிலப் பகிடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உள்ளூர்ச் சினிமா வசனங்களைச் செருகுகிறார்கள். அந்த வசனம் வந்த படத்தைப் பார்த்தவனுக்குச் சிரிப்பு. பார்க்காத அம்மாவுக்குக் கரடியொன்று சென்னைத் தமிழில் யாரையோ ஏசுகிறது, அவ்வளவுதான் விளங்கும். சொல்லில் இருக்கிற பகிடி கடலைத் தாண்டும்போது நனைந்துவிடுகிறது. உடம்பில் இருக்கிற பகிடி தாண்டிவிடும். ஆகவே டப்பிங் படம் என்றால் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பார்ப்பேன். சத்தம் இல்லாமலும் சிரிப்பு வந்தால் எடுக்கலாம். சாவித்திரியின் நடை இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு.

சில படங்களின் மந்திரம் தியேட்டரிலேயே தங்கிவிடுகிறது. 1984இல் வந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். ஜிஜோ புன்னூஸ் மலையாளத்தில் எடுத்தது, கண்ணாடி போட்டுப் பார்த்தவர்கள் இன்றைக்கும் கதையாகச் சொல்வார்கள். பிள்ளைகள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து ஆடுகிற பாட்டு ஒன்று உண்டு. ஓர் அறையையே சுழல வைத்து எடுத்தார்கள். அந்தப் பாட்டு எங்கள் சுவரிலும் வேலை செய்தது. ஆனால் பார்க்கிறவர் முகத்துக்கு நேரே பொருட்கள் நீளுகிற காட்சிகளெல்லாம் கண்ணாடி இல்லாமல், ஏன் இவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று கேட்க வைத்தன. பதினான்கு வயதுக்காரி கேட்டேவிட்டாள். அதோடு அந்தச் சாத்தான் குடிக்கிற காட்சிகளுக்கும் நான் அடுத்த நாள் அக்காவிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நீளமும் ஒரு பிரச்சினைதான். ‘மாயா பஜார்’ மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட ஓடும். போர்க்காலத்தில் கரண்ட் இல்லாத ஊர்களில் டிவி, டெக், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு எடுத்து ஒரே இரவில் மூன்று படம் பார்த்த ஆட்கள் நாங்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்த ஆட்களின் பிள்ளைகள். களரியைச் சுற்றிப் பாய் போட்டு, பிள்ளைகள் நித்திரையாகி, சண்டைக் கட்டத்துக்கு மத்தளம் அதிரும்போது எழும்பிப் பார்த்துவிட்டு மறுபடி படுப்பார்கள். பாட்டு வந்தால் தேத்தண்ணி, இடைவேளை வந்தால் தயிர்ச் சட்டி என்று படத்தை வெட்டிக்கொள்ள எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு இரவாகப் பிரித்தும் போடலாம். நடுவில் நிறுத்தினால் மறுநாள் முழுக்கப் பிள்ளைகள் ‘இனி என்ன நடக்கும்’ என்று தங்களுக்குள் சண்டை பிடிக்கிறார்களா என்று பார்ப்பேன். பிடித்தால் படம் பாஸ். மந்திரத்தின் சட்டம் விளங்கியிருந்தால்தான் அடுத்தது என்ன என்று ஊகிக்க ஏலும்.

‘மாயா பஜாரை’ அப்படித்தான் பிரித்துப் போட்டோம். கறுப்பு வெள்ளை என்றதும் பெரியவள் முகத்தைச் சுளித்தாள். பெட்டி திறந்த பிறகு போன் பாய்க்குக் கீழே போய்விட்டது. முதல் இரவு, அபிமன்யுவும் சுபத்திரையும் துவாரகையை விட்டு வெளிக்கிட்டுக் காட்டு வழியே வருகிற இடத்தில் நிறுத்தினேன். மறுநாள் முழுக்க விவாதம். கடோத்கஜன் அந்தப் பெட்டியைத் திறந்தால் என்ன தெரியும்? சின்னவன் சோறு என்றான். ஒன்பது வயதுக்காரன் ‘த... த... தம்பி’ என்றான், அபிமன்யு கடோத்கஜனுக்குத் தம்பி முறை என்பதைப் பிடித்துக்கொண்டு. அத்தான் சோற்றின் பக்கம்.

இரண்டாம் இரவு லட்டுகளும் கல்யாணமும் நசுங்கிய காலும் முடிந்து, சகுனி பீடத்தில் ஏறி உளறியதற்குக் கைதட்டி, எல்லாரும் பாயைச் சுருட்டத் தொடங்கியபோது சின்னவன் அப்படியே குந்திக்கொண்டிருந்தான். பாண்டிருப்பில் பிறந்த பிள்ளை. திரௌபதை அம்மன் கோயிலில் தீப்பள்ளயம் என்கிற தீமிதிப்புச் சடங்கின் பதினெட்டு நாளும், பாண்டவர் வேடம் போட்டுப் போகிறவர்களைத் தகப்பன் தோளில் இருந்து பார்த்தவன். அவனுக்கு ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. உண்மையிலேயே அந்தப் படத்தில் பாண்டவர் ஐந்து பேரில் ஒருவர்கூடத் தலைகாட்டுவதில்லை. முதன்முதலாகப் பார்த்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

“அம்மம்மா, தருமர் எங்க? வீமர் எங்க? ஒராளும் வரல்லியே.”

அம்மா கச்சான் கோதுகளைச் சுளகில் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அவங்க வனவாசத்துல, மனே. தீப்பள்ளயத்துக்கு வருவாங்க.”